டெக் பலகை முடுக்க எந்த ஸ்க்ரூ, எந்தக் கருவி?

வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் (டெக்) இருக்கும் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி: ஆடுகிற பலகையை நாமே மாற்றலாமா, ஆள் கூப்பிடணுமா? தாராளமாக நாமே செய்யலாம். வாடகை வீடு என்றால் மட்டும் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எல்லோரும் முதலில் எந்த டிரில் வாங்குவது என்றுதான் யோசிக்கிறார்கள். நான் ஸ்க்ரூவிலிருந்து தொடங்கச் சொல்வேன். சுமாரான கருவியால் நல்ல ஸ்க்ரூவை இறக்கிவிடலாம். தப்பான ஸ்க்ரூவை எவ்வளவு நல்ல கருவியால் இறக்கினாலும் சில வருடங்களில் தலை கழன்று கையோடு வரும்.

காரணம் மரத்துக்குள் இருக்கிறது. டெக்குக்குப் பரவலாகப் பயன்படுவது, மக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க மருந்தேற்றிய மரம். புதிதாக இருக்கும்போது லேசான பச்சை தெரியும். அமெரிக்காவில் 2003 இறுதி வரை வீட்டு மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். அதை நிறுத்திய பிறகு வந்தவற்றில் செம்பு அதிகம். ஈரத்தோடு செம்பு சேர்ந்தால் சாதாரண இரும்பை அரித்துவிடும். பளபளவென்று மெல்லிய துத்தநாகப் பூச்சோடு வரும் மலிவு ஸ்க்ரூவும் நிற்காது. பெட்டியில் 'மருந்தேற்றிய மரத்துக்கு ஏற்றது' என்று போட்டிருக்கும் பூச்சு ஸ்க்ரூவையோ, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ்டு ஸ்க்ரூவையோ வாங்குங்கள். சீடர் (தேவதாரு வகை), ஈப்பே போன்ற மரங்களென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கறுப்புக் கறை பரப்பும். கடலோரம் அல்லது நீச்சல் குளம் பக்கம் என்றால் ஸ்டெயின்லெஸிலும் 316 வகையைக் கேளுங்கள், 304 போதாது.

சுவர்ப் பலகைக்கு (டிரைவால்) அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ வீட்டில் மிச்சம் கிடந்தால் அதை இங்கே பயன்படுத்தவே வேண்டாம். அது கடினமானது, ஆனால் வளையாமல் ஒடியும். வெயிலிலும் மழையிலும் மரம் விரிந்து சுருங்கும்போது தலை பட்டென்று போய்விடும்.

நீளக் கணக்கு எளிது: பலகையைத் தாண்டி அடிச் சட்டத்துக்குள் குறைந்தது ஒன்றரை அங்குலம் இறங்கணும். ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஸ்க்ரூ, ஒன்றரை அங்குலப் பலகைக்கு மூன்று அங்குலம். மில்லிமீட்டரில் விற்கும் நாட்டில் 65, 75 என்று தேடுங்கள். மரை கீழ்ப்பாதியில் மட்டும் ஓடி, தலைக்கு அடியில் வழவழப்பாக இருக்கும் ஸ்க்ரூதான் பலகையைச் சட்டத்தோடு இழுத்து உட்கார வைக்கும். தலை வரை மரை இருந்தால் பலகையையும் அது கவ்விக்கொள்ளும். நடுவில் விழுந்த இடைவெளி அப்படியே நின்றுவிடும்.

தலையில் ப்ளஸ் குழி வேண்டாம், அழுத்தும்போது கருவியின் முனையில் மாட்டும் பிட் எகிறிக் குழியைத் தேய்த்துவிடும். ஆறு முனை நட்சத்திரக் குழி எடுங்கள். 8ஆம் எண் ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் டி20 பிட், அதைவிடத் தடித்த 10ஆம் எண்ணுக்கு டி25. கனடாவில் இருப்பவர்களுக்குச் சதுரக் குழி எங்கும் கிடைக்கும், அதுவும் நன்றாகவே பிடிக்கும்.

இனி கருவி. இம்பாக்ட் டிரைவர் சுற்றிக்கொண்டே உள்ளுக்குள் தட்டித் தட்டி முடுக்குவதால் மணிக்கட்டில் திருகல் வராது, நீண்ட ஸ்க்ரூ சுலபமாக இறங்கும். சத்தம் மிக அதிகம், காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம். அதற்கென்று செய்த பிட் வாங்குங்கள், சாதாரண பிட் ஒடியும். கிளட்ச் (அளவுக்கு மேல் இறுகாமல் சுற்றை விடுவிக்கும் அமைப்பு) உள்ள சாதாரண டிரிலும் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ சற்று மென்மையானது என்பதால் அதற்கு நான் டிரிலைத்தான் விரும்புவேன். 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே மின்னழுத்த பேட்டரிதான். ஊரிலிருந்து சார்ஜர் கொண்டுவந்திருந்தால் அது நீங்கள் இருக்கும் நாட்டு மின்னழுத்தத்தை ஏற்குமா என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

பலகை ஒவ்வொரு சட்டத்தையும் கடக்கும் இடத்தில் இரண்டு ஸ்க்ரூ, ஓரத்திலிருந்து முக்கால் முதல் ஒரு அங்குலம் உள்ளே. சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 350 ஸ்க்ரூ ஆகும். பலகை முனையிலும் கெட்டி மரத்திலும் முதலில் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிளக்கும். தலை பலகையோடு சமமாக நின்றதும் நிறுத்துங்கள். ஆழமாகப் புதைத்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று மரம் அங்கிருந்துதான் மக்கத் தொடங்கும்.

*அண்ணா, பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் ஸ்க்ரூ போடலாமா?*

வேண்டாம் தம்பி, பிடிப்பு இருக்காது. சற்றுத் தள்ளிப் போடுங்கள். அதற்கு முன் அடிச் சட்டத்தைக் கூரான ஒன்றால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் ஸ்க்ரூ பிரச்சினையே இல்லை, சட்டத்தையே மாற்ற வேண்டும்.

*மீந்த ஸ்க்ரூவை வைத்து டெக்கை வீட்டுச் சுவரோடு பிடிக்கும் கட்டையையும் முடுக்கிவிடட்டுமா?*

கூடவே கூடாது. அந்தக் கட்டைதான் டெக்கின் பாதி பாரத்தைத் தாங்குகிறது, பலகை ஸ்க்ரூ குறுக்காக வெட்டுவது போல் விழும் அந்த விசையில் ஒடியும். அங்கே போல்ட்டோ, பாரம் தாங்கவென்றே செய்த தடித்த ஸ்க்ரூவோ வேண்டும். சட்டத்தைத் தாங்கும் உலோகக் கொக்கிகளுக்கும் அவற்றின் தயாரிப்பாளர் சொல்லும் ஆணி, ஸ்க்ரூ மட்டுமே. கால்வனைஸ்டு கொக்கியில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் கொக்கியின் பூச்சு சீக்கிரம் அரித்துப்போகும். இந்த வேலைக்குப் பல நகராட்சிகளில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், எனவே தொடங்கும் முன் அங்கே ஒரு போன் போட்டுவிடுங்கள்.