கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, போர்டு இல்லை என்கிறது: எம்கேஎஃப்எஸ் சேர்ப்பது எப்படி?

கேள்வி (காவேரிப்பட்டினம்)

வணக்கம். எங்கள் மாந்தோப்பில் மண் ஈரத்தைப் பதிவு செய்ய ஆர்ம் வகைச் சிப் கொண்ட ஒரு சிறிய கணினிப் போர்டு வைத்திருக்கிறேன். சிறு போர்டுகளுக்கு லினக்ஸ் கட்ட உதவும் பில்ட்ரூட் கருவியில் நானே கட்டிய லினக்ஸ். மசில் என்ற சிறிய சி நூலகமும், அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் தரும் பிஸிபாக்ஸும்தான் உள்ளே. 16 எம்பி ஃபிளாஷிலிருந்து எழும், அளவீடுகள் எஸ்டி கார்டில் சேரும். கார்டு கெட்டால் அப்பாவே புதியதை வாங்கிச் செருக, போர்டே அதை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நான் வேலைக்கு ஓசூர் போய்விடுகிறேன், தோப்பில் மடிக்கணினி கிடையாது.

ராஸ்பெரி பையும் ஆர்ம்தானே என்று அதிலிருந்து, கார்டில் கோப்பு முறையை உருவாக்கும் எம்கேஎஃப்எஸ் நிரலை நகலெடுத்தேன். எல்எஸ் கொடுத்தால் தெரிகிறது, அனுமதிகளும் சரி. ஓட்டினால் ‘நாட் ஃபவுண்ட்’. இரண்டு இரவுகளாக மல்லுக்கட்டுகிறேன்.

பதில் 1 (தருமபுரி)

தம்பி, அது இல்லை என்று சொல்வது உங்கள் கோப்பை அல்ல. ராஸ்பெரி பை நிரல்கள் ஜிலிப்சி என்ற வேறு சி நூலகத்துக்காகக் கட்டப்பட்டவை. ஓட்டியதும் கர்னல், நிரலோடு நூலகங்களை இணைக்கும் ஜிலிப்சியின் லோடரைத் தேடும், மசில் போர்டில் அது இருக்காது. சிப் வகையே வேறாக இருந்தால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வந்திருக்கும். லோடரையும் நூலகங்களையும் ஒவ்வொன்றாக நகலெடுக்கத் தொடங்காதீர்கள், அதற்கு முடிவே இராது. பிஸிபாக்ஸிலேயே கோப்பு முறையை உருவாக்கும் எம்கேஇ2எஃப்எஸ் கட்டளை உண்டு, தேர்ந்தெடுத்துக் கட்டுங்கள்.

பதில் 2 (பாலக்கோடு)

அண்ணன் சொன்ன காரணம் மிகச் சரி. ஆனால் பிஸிபாக்ஸில் இருப்பது பழைய எக்ஸ்ட்2 மட்டுமே உருவாக்கும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் வராது. எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கார்டு முழுவதையும் சோதித்துச் சரிசெய்ய வேண்டும், அதற்கான கருவியும் பிஸிபாக்ஸில் இல்லை. பில்ட்ரூட்டின் மெனுகான்ஃபிக்கில் ‘டார்கெட் பேக்கேஜஸ்’, அதற்குள் ‘ஃபைல்சிஸ்டம் அண்ட் ஃபிளாஷ் யுட்டிலிட்டீஸ்’ பகுதியில், எக்ஸ்ட்4 கருவிகள் அடங்கிய இ2எஃப்எஸ்புரோக்ஸைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டத் தேவையில்லை, மேக் கட்டளை கொடுத்தாலே போதும். கர்னலிலும் எக்ஸ்ட்4 இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. கடைக் கார்டு பெரும்பாலும் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்எஃப்ஏடி என்ற வேறு கோப்பு முறை போட்டே வருகிறது. ஆகவே ‘காலியாக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனை உதவாது. ‘எக்ஸ்ட்4 இல்லையென்றால் அழி’ என்று எழுதினால், ஒருநாள் கார்டு சரியாகப் படிக்கப்படாமல் போக, ஒரு பருவத்துப் பதிவு முழுவதும் போய்விடும். ஸ்கிரிப்டிலிருந்து ஓட்டும்போது எம்கேஎஃப்எஸ் ‘அழிக்கலாமா’ என்று உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்காது. போர்டில் ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் மட்டும் கார்டு அழியட்டும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இ2எஃப்எஸ்புரோக்ஸ் சேர்ந்துவிட்டது, இமேஜும் ஃபிளாஷில் அடங்கிவிட்டது. பொத்தான் எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் வைத்துவிட்டேன். நேற்று அப்பா தாமே புதிய கார்டைச் செருகி, பொத்தானை அழுத்தித் தயார் செய்தார். பிறகு, பதிவு ஓடும்போதே நான்கு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கார்டு மவுண்ட் ஆனது, கர்னல் பதிவில் ‘ரெகவரி கம்ப்ளீட்’ (மீட்பு முடிந்தது) என்று வந்தது.