டூப்ளிகேட் சிம் வாங்கினதுக்கு அப்புறம் போர்ட் கோட் வரமாட்டேங்குது, வேலிடிட்டியும் முடிஞ்சிருச்சு

பொருநை:

வணக்கம். அம்மா கையில இருக்கிற ப்ரீபெய்ட் நம்பர் அப்பா பேர்ல எடுத்தது. வீடு அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். இப்போ இருக்கிற கம்பெனி சிக்னல் திண்ணையில நிக்குது, அடுப்படிக்குள்ள போனா போயிருது. அதனால வேற கம்பெனிக்கு நம்பரை மாத்தலாம்னு இருக்கோம்.

சிம் தொலைஞ்சு வெள்ளிக்கிழமை டூப்ளிகேட் வாங்கியாச்சு. வேலிடிட்டி அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு, இன்னும் ரீசார்ஜ் பண்ணல. நம்பரை மாத்த போர்ட் கோட் கேட்டு அன்னிக்கு 1900க்கு அனுப்பின எஸ்எம்எஸ் போகவே இல்ல. திங்கட்கிழமை போச்சு, ஆனா பதில்ல கோட் இல்ல. தகுதி இல்லைங்கிற மாதிரி ஆங்கிலத்துல வந்துது. கம்பெனி கடையில கேட்டா "முழு மாசப் பிளான் போட்டாத்தான் கோட் வரும்"ங்கிறாங்க. நிஜமா? விட்டுப் போற கம்பெனிக்கு எதுக்கு ஒரு மாசக் காசு?

அம்மாகிட்ட இருக்கிறது 2ஜி பட்டன் போன். பேங்க், கேஸ், ஆதார் எல்லாத்துக்கும் இந்த நம்பர்தான். நம்பர் கைவிட்டுப் போயிரக் கூடாது. அப்பாவுக்குப் பதிலா நான் கடைக்குப் போனா போதுமா?

அலைவரிசை:

கடையில் சொன்னது தவறு. கோட் வராததற்கும் பிளானுக்கும் சம்பந்தமில்லை, டூப்ளிகேட் சிம்தான் காரணம்.

வெள்ளிக்கிழமை எஸ்எம்எஸ் போகாதது முதலில். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வருவதும் போவதும் நிறுத்தப்பட்டிருக்கும். தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு இது. யாராவது உங்கள் பேரில் கள்ளத்தனமாக டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் உடனே வங்கி ஓடிபி அவர்கள் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக.

திங்கட்கிழமை வந்த மறுப்பு வேறு விதி. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி 7 நாள் முடியும்வரை போர்ட் கோட் தரக் கூடாது என்று டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், திருத்தம் கொண்டுவந்தது. அதுவும் சிம் ஸ்வாப் மோசடிக்காகத்தான். திருடிய எண்ணை உடனே வேறு கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டால் உண்மையான சொந்தக்காரர் மீட்பது பெரும்பாடு. வெள்ளிக்கிழமை வாங்கியிருக்கிறீர்கள் என்றால் அடுத்த சனிக்கிழமை அனுப்பிப் பாருங்கள். அதற்கு முன் எத்தனை பிளான் போட்டாலும் கோட் வராது. அந்தக் காசு வீண்.

பிளான் விஷயத்தில் 2021 டிசம்பரிலேயே டிராய் எல்லாக் கம்பெனிகளுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது: எவ்வளவு குறைந்த பிளானாக இருந்தாலும், பிளானில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும், 1900க்கு அனுப்பும் வசதியைத் தடுக்கக் கூடாது. உங்களுக்குத் திங்கட்கிழமை எஸ்எம்எஸ் போயிருக்கிறது, பதிலும் வந்திருக்கிறது. ஆகவே அந்த வழி திறந்துதான் இருக்கிறது.

அனுப்பும் விதம்: ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட், ஒரு இடைவெளி, பிறகு 10 இலக்க எண். முன்னால் 0, +91 எதுவும் வேண்டாம். தகுதி இருந்தால் 8 எழுத்து, எண் கலந்த கோட் வரும். யூபிசி என்பது அதுதான். நம் பக்கம் 4 நாள்தான் செல்லும். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கில் மட்டும் 30 நாள். கடைக்குப் போகும் நாள் காலையில் வாங்கினால் போதும்.

2019 டிசம்பர் 16க்கு முன் கோட் யாருக்கும் வந்துவிடும். பழைய கம்பெனி அப்புறம் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும். இப்போது முறை தலைகீழ். கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆயிற்றா, போஸ்ட்பெய்டில் கெடு தாண்டிய பாக்கி உண்டா, பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறதா, வழக்கு உண்டா என்றெல்லாம் சரிபார்த்த பிறகே கோட் உருவாகும். கோட் கைக்கு வந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. வராவிட்டால் பதிலில் காரணம் இருக்கும். அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள்.

மாடிவீடு:

ஒன்று கவனிங்க. ரெண்டு சிம் போனில் வைத்து அனுப்பினால் எஸ்எம்எஸ் பெரும்பாலும் முதல் சிம்மிலிருந்து போகும். அந்த எண் வேறு, டைப் செய்த எண் வேறு என்றால் மறுப்புதான். மற்ற சிம்மைக் கழற்றிவிட்டு அனுப்புங்க.

அலைவரிசை:

சரியான விஷயம். பொருநை, நம்பர் போய்விடும் என்ற கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேலிடிட்டி முடிவது வேறு, எண் ரத்தாவது வேறு. தொடர்ந்து 90 நாள் அழைப்பு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவுமே பயன்படுத்தாமல் இருந்தால்தான் ப்ரீபெய்ட் எண்ணைத் துண்டிக்கலாம். அப்போதும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். 2013 விதி இது, கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இங்கே பலர் இடறுவது, 20 ரூபாய் என்றால் டாப்-அப்பில் கிடைக்கும் டாக்டைம், பிளானின் விலை அல்ல. 10 ரூபாய் டாப்-அப் போட்டால் ஜிஎஸ்டி, கட்டணம் போக 7.47 ரூபாய்தான் ஏறும். 20 போட்டால் 14.95, அது போதாது. 10 ரூபாய் டாப்-அப் மூன்று போட்டால் 22.41 நிற்கும். துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசத்தில் அதே எண்ணை மீட்கலாம். அதையும் விட்டால் கொஞ்ச காலம் கழித்து எண் வேறொருவருக்குப் போய்விடும், வங்கி ஓடிபியும் கூடவே போகும்.

மலையோரம்:

போர்ட் செய்யும் முன் ஒரு விஷயம், இது உங்களுக்கு ரொம்ப முக்கியம். எந்தக் கம்பெனிக்குப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. ஜியோ என்றால் அந்த 2ஜி பட்டன் போன் வேலை செய்யாது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, அழைப்பே 4ஜி வழியாக, வோல்டி முறையில்தான் போகும். 4ஜி பட்டன் போன் வேண்டும். ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் என்றால் 2ஜி இருக்கிறது, ஆனால் உங்கள் ஊர் டவரில் அது எப்படி எடுக்கிறது என்று பார்த்தாக வேண்டும். தப்பாகப் போய்விட்டால் 90 நாள் கழித்துத்தான் வெளியே வர முடியும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். திரையில் சிக்னல் கோடு எண்ணிப் பார்ப்பதை நம்பாதீர்கள். எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தின் அளவு அது) எத்தனை கோடு என்பது போனுக்குப் போன் மாறும். அந்தக் கம்பெனி சிம் இருக்கிற ஆண்ட்ராய்டு போனை அக்கம்பக்கத்தில் வாங்கி *#*#4636#*#* அழுத்தினால் போன் தகவல் பக்கம் திறக்கும், அதில் சிக்னல் டிபிஎம் கணக்கில் தெரியும். சாம்சங்கில் *#0011#. அடுப்படியில், உங்கள் அம்மா நின்று பேசுகிற இடத்தில், கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். 4ஜியில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் -95க்கு மேல் (-90, -80 மாதிரி) இருந்தால் நல்லது. -110 ஒட்டி இருந்தால் பேச்சு ஓடும், டேட்டா தள்ளாடும். -115க்குக் கீழே இறங்கினால் இப்போது இருக்கிற தொல்லையேதான் அங்கேயும்.

இந்த அளவு 2ஜி போனுக்குப் பொருந்தாது. அதே டவரில் 2ஜி வேறு அலைவரிசையில் ஓடலாம். அதனால் போனின் நெட்வொர்க் அமைப்பில் 2ஜி மட்டும் என்று வைத்து மறுபடி பாருங்கள். அங்கே -85 நல்லது, -100 மோசம். 900 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைத்து உள்ளே வரும். 1800, 2300 எல்லாம் கனமான சுவர், காங்கிரீட் தளம் என்றால் வாசலோடு நின்றுவிடும். சிக்னல் திண்ணையில் கிடைத்து அடுப்படியில் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போர்ட்டே தேவைப்படாமல் போகலாம். ஏர்டெல், ஜியோ இரண்டும் வைஃபை காலிங் தருகின்றன, தனிக் கட்டணம் இல்லை. போனில் அந்த வசதி இருக்க வேண்டும். பட்டன் போனுக்கு இது ஆகாது, பழைய ஆண்ட்ராய்டு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் முயலலாம்.

பொருநை:

ரொம்ப நன்றி. ஜியோ யோசிச்சிட்டிருந்தோம், நல்லவேளை கேட்டேன். சனிக்கிழமை மறுபடி அனுப்பறோம். கடையில என்ன கொண்டு போகணும், போர்ட் ஆகுற சமயத்துல பேங்க் ஓடிபி வருமா? அப்பா போன்லயும் இதே நம்பர்ல யூபிஐ வச்சிருக்கார்.

கணக்குப்பிள்ளை:

நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும். அப்பாவே வரட்டும், ஆதாரோடு. கடையில் நேரடியாகப் படம் எடுப்பார்கள் அல்லது கைரேகை வாங்குவார்கள். உங்கள் முகம் அங்கே செல்லாது. "யார் பேர்ல வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பெயர் மாற்றுவது தனி நடைமுறை, போர்ட்டோடு கலந்தால் பின்னால் உரிமைச் சிக்கல் வரும்.

போர்ட் கோட் என்ன என்று வாயால் சொல்லாமல் திரையைக் காட்டுங்கள். பூஜ்யத்தையும் ஆங்கில ஓவையும் மாற்றி அடித்துவிட்டால் விண்ணப்பம் திரும்பும்.

கைரேகை வைக்கும்போது கவனம் தேவை. "பதியல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி, இரண்டாவது ரேகையில் அப்பா பேரில் இன்னொரு சிம் எடுத்துவிடும் மோசடி நடக்கிறது. முதல் தடவை ஏன் ஏற்கவில்லை என்று திரையைப் பார்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் "என் பெயரில் உள்ள இணைப்புகள்" பகுதியில் அப்பாவின் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் அவர் பேரில் இருக்கும் எல்லா எண்ணும் வரும். தெரியாதது இருந்தால் அங்கேயே "என் எண் அல்ல" என்று புகார் செய்யலாம். ஒருவர் பேரில் 9 சிம் வரைதான் அனுமதி.

மனம் மாறினால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் கேன்சல் என்று எழுதி, இடைவெளி விட்டு எண்ணைச் சேர்த்து 1900க்கே அனுப்பலாம். இல்லாவிட்டால் எண் மாற ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் 3 வேலை நாள், வேறு வட்டத்துக்கு 5 வேலை நாள். சென்னையும் தமிழ்நாடு வட்டத்திலேயே அடக்கம். அதுவரை பழைய சிம்மே ஓடும், அதைக் கழற்ற வேண்டாம். மாறுகிற இரவில் அதிகம் போனால் 4 மணி நேரம் சேவை இருக்காது. பழைய சிம் செத்ததும் புதியதைப் போடுங்கள். பழைய கம்பெனியின் பேலன்ஸ் எதுவும் கூட வராது.

ஓடிபி புது சிம்மில் வரும். யூபிஐதான் படுத்தும். சிம் மாறியதை ஆப் கண்டுபிடித்து மறுபடி பதியச் சொல்லும், அதற்கு அந்தச் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். புதுக் கம்பெனியில் போடும் முதல் ரீசார்ஜில் எஸ்எம்எஸ் இருக்கிறதா பாருங்கள், அல்லது டாப்-அப் வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா மட்டும் உள்ள பிளானைப் போட்டுவிட்டு "வெரிஃபிகேஷன் தோல்வி" என்று அலைகிறவர்கள் நிறைய. பதியும்போது அந்தச் சிம் அப்பாவின் போனில் இருக்க வேண்டும். அம்மா போனில் சிம்மை வைத்துக்கொண்டு அப்பா போனில் பதிய முடியாது.

கேஸ், பேங்க் எதற்கும் நாள் தவறாமல் இந்த எண் வேண்டும் என்றால் மாதக் கடைசி, பென்ஷன் நாள் பார்த்து போர்ட் போட வேண்டாம். மாதத்தின் நடுவில் போடுங்கள்.

தேன்கூடு:

கடைக்காரர் பொய் சொன்னதை டிராய்க்கு ஒரு மெயில் போடுங்க, அவங்க கேப்பாங்க.

அலைவரிசை:

தேன்கூடு, டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. அப்படி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் மேல்முறையீட்டுக் கெடுவும் போய்விடும்.

சனிக்கிழமைக்குப் பிறகும் கோட் வரவில்லை, பதிலில் சொன்ன காரணமும் பொய் என்றால் 198க்கு அழையுங்கள், இலவசம். புகார் பதிந்ததும் டாக்கெட் எண் (புகார் எண்) எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டும். வராமல் போனை வைக்காதீர்கள், அந்த எண் இல்லாத புகார் பதிந்ததாகவே கணக்கில் வராது. 121 தகவலுக்கான எண், அங்கே பேசியது புகார் ஆகாது. தீர்வு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே போக விரும்பினால் 1915 நுகர்வோர் உதவி எண், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசிப் புகாரை நுகர்வோர் ஆணையம் ஏற்காது என்று முன்பு திருப்பி அனுப்புவார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கலாம் என்று தெளிவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. 1900இலிருந்து வந்த மறுப்பு, டாக்கெட் எண், டூப்ளிகேட் சிம் வாங்கிய தேதியுள்ள எஸ்எம்எஸ் மூன்றையும் திரையோடு படம் எடுத்து அப்பாவின் போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். பட்டன் போனில் மட்டும் விட்டு வைக்க வேண்டாம்.