ஒரே 4கே மானிட்டரில் இரண்டு கம்ப்யூட்டர்: மௌஸ் தத்துகிறது

கேள்வி: அலுவலக லேப்டாப், சொந்த டெஸ்க்டாப் இரண்டையும் என் 27 அங்குல 4கே மானிட்டரில் மாட்ட மலிவான ஹெச்டிஎம்ஐ ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன். படம் வருகிறது, ஆனால் மௌஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது. நேரடியாகச் செருகினால் சரியாக இருக்கிறது. ஸ்விட்ச்தான் கோளாறா?

பதில் 1: டிஸ்ப்ளே செட்டிங்ஸைப் பாருங்கள், 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், அதாவது வினாடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படும், அதனால்தான் தத்துகிறது. ஹெச்டிஎம்ஐ 1.4 ஸ்விட்ச் 4கே-யில் அவ்வளவுதான் தரும். 60 வேண்டுமென்றால் ஹெச்டிஎம்ஐ 2.0, அதாவது வினாடிக்கு 18 ஜிகாபிட் (ஜிபிபிஎஸ்) தாங்குவது வேண்டும், கேபிளும்தான். அட்டைப்பெட்டியில் வெறும் ‘4கே’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். நானும் ஏமாந்தவன்தான்.

பதில் 2: ஸ்விட்ச் எதற்கு? மானிட்டர் முதுகில் ஹெச்டிஎம்ஐ போலவே படத்துக்கான இன்னொரு துளை, டிஸ்ப்ளேபோர்ட், இருக்குமே. டெஸ்க்டாப்பை அதில் செருகுங்கள், லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐயில். மானிட்டர் பட்டனிலேயே மாற்றிக்கொள்ளலாம். கீபோர்டு, மௌஸுக்கு மட்டும் ஒரு யுஎஸ்பி ஸ்விட்ச்.

கேட்டவர்: 30தான் அண்ணா! ஸ்விட்சைக் கழற்றிவிட்டேன். இப்போது இரண்டுமே 60. பட்டன்தான் மானிட்டருக்குப் பின்னால் இருக்கிறது, தடவித் தடவி அமுக்குகிறேன்.