போர்ட் வெல்ட் ரயில்: வெள்ளைக்காரன் கொடுத்ததா, பேராக் பணத்தில் போட்டதா?

தேக்காவாசி:
பேராக்கில் கோலா செபெத்தாங் போனால் பழைய போர்ட் வெல்ட் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி ஓடியது இங்கேதான். தைப்பிங்கிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர், ஒரு மீட்டர் அகலப் பாதை. தைப்பிங்கைச் சுற்றிய லாருட் வட்டார ஈயலம்பங்களில் (வெள்ளீயச் சுரங்கங்களில்) தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுவரப் போட்டது.

காலனி என்றாலே சுரண்டல் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் இந்த ரயிலை வெள்ளைக்காரன் கொடுத்த கொடை என்றுதான் சொல்வேன். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1861 முதல் 1874 வரை லாருட்டில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் ஈய நிலத்துக்காக வெட்டிக்கொண்டு செத்தன. மலாய்ப் பிரமுகர்களும் அதில் பக்கம் பிரிந்து நின்றார்கள். 1874இல் பேராக்குக்குள் பிரிட்டிஷ் ரெசிடெண்டை (ஆலோசகரை) கொண்டுவந்த பங்கோர் உடன்படிக்கை, அடுத்த 11 வருடத்தில் ரயில். அந்தச் சங்கங்களிடம் விட்டிருந்தால் ரயில் வந்திருக்குமா?

பழைய தண்டவாளம்:
அண்ணே, ஏற்பாடு செய்தவன் வெள்ளைக்காரன்தான், மறுக்கவில்லை. காசு யாருடையது? லண்டன் கஜானா திறக்கவே இல்லை. பேராக் அரசின் சொந்த வருமானத்தில் போட்ட பாதை அது. அந்த வருமானத்தில் பெரும்பங்கு ஈய ஏற்றுமதி வரி. மிச்சத்தில் நிறைய, சீனத் தொழிலாளி புகைத்த அபினுக்கும் ஆடிய சூதாட்டத்துக்கும் அரசு விட்ட குத்தகைப் பணம். அவனிடம் வாங்கி, அவன் தோண்டிய ஈயத்தை ஏற்றிப்போக ரயில் போட்டுவிட்டு, ‘கொடுத்தோம்’ என்றால் எப்படி?

வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். 1885இல் தைப்பிங் – போர்ட் வெல்ட். அடுத்த வருடம் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் புக்கிட் கூடா வரை. 1891இல் சிரம்பான் – போர்ட்டிக்சன். 1893இல் தாப்பா ரோடு – தெலுக் ஆன்சன். நான்கும் சுரங்க வட்டாரத்தில் கிளம்பி மேற்குக் கரையில் முடிகின்றன, ஒன்று இன்னொன்றைத் தொடவில்லை. பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து சிரம்பான் வரை ஒரே பாதையாகச் சேர 1903 ஆனது. அதுவரை தைப்பிங்காரர் கோலாலம்பூர் போகக் கப்பல்தான் வசதி. ஊர்மக்கள் போய்வரப் போட்ட ரயில் இப்படியா இருக்கும்?

தேக்காவாசி:
பின்னே எப்படி இருக்கும்? ஈயம் கனமான சரக்கு. யானையிலும் மாட்டுவண்டியிலும் சேற்றுப் பாதையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வருமானம் வருகிற பாதையை முதலில் போட்டு, அந்த லாபத்தில் அடுத்ததைப் போடுவதுதான் எந்த அரசும் செய்கிற வேலை. நடுக்காட்டில் நெடுக்காகப் போட்டிருந்தால் முதல் வருடமே நஷ்டம். அப்போது ‘மக்கள் வரிப்பணம் பாழ்’ என்று நீங்களே எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்று. சிரம்பான் – போர்ட்டிக்சன் பாதையைப் போட்டது தனியார் கம்பெனி. அரசு உத்தரவாதம் கொடுத்த பிறகே அவர்கள் இறங்கினார்கள். கடைசியில் 1908இல் அரசே வாங்கிக்கொண்டது. ரயில் போடுவது அவ்வளவு ஆபத்தான முதலீடு. அந்த ஆபத்தை ஏற்றது யார்?

பழைய தண்டவாளம்:
சிரம்பான் இருந்த சுங்கை ஊஜோங் மாநிலத்தின் கஜானா! நீங்கள் சொன்ன உத்தரவாதமும் உள்ளூர் வரிப்பணம்தானே அண்ணே. என் கட்சிக்குத்தான் ஆதாரம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஈசூன் அக்கா:
இரண்டு பேரும் கணக்குப்பிள்ளை மாதிரி காசையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பாதை போன மாத்தாங் அலையாத்திக் காடு எப்படிப்பட்ட இடம் என்று தெரியுமா? முழங்கால் சேறு, கொசு, மலேரியா. அதில் மண் கொட்டி மேடாக்கித் தண்டவாளம் போட, இலங்கையில் சாலை வேலை செய்துகொண்டிருந்த சிலோன் பயனீர் படையைக் கூட்டிவந்தார்கள். ரெசிடெண்ட் ஹியூ லோ பெயர் புத்தகத்தில் இருக்கிறது. ஊருக்கே கவர்னர் வெல்ட் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர் பெயர் ஒன்றுகூட எங்கேயும் இல்லை. ஆனால் நிலையப் பலகையில் தமிழ் எழுத்து இருக்கிறது, கவனித்தீர்களா தேக்காவாசி? அது சும்மா வந்துவிடவில்லை.

அதே நேரம் தண்டவாளம் தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். என் தாத்தா பால்மரக்காட்டை (ரப்பர் தோட்டத்தை) விட்டு ரயில்வே கேங் வேலையில் சேரத் தவமாய்க் கிடந்தவர். கங்காணி பிடியிலிருந்து தப்பித்து மாதச் சம்பளம், குவாட்டர்ஸ் என்று வாழ்ந்தார். அவரிடம் போய் ‘ரயில் சுரண்டல்’ என்றால் விரட்டி அடித்திருப்பார். ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா நாற்காலிகளில் யாழ்ப்பாணத்துக்காரர்கள், கீழே சம்மட்டியோடு தஞ்சாவூர், சேலத்துக்காரர்கள். கோலாலம்பூரில் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அவர்களுக்கு வேறு வீடு, இவர்களுக்கு வேறு வீடு. வெள்ளைக்காரனைத் திட்டும்போது நமக்குள் இருந்த மேல்கீழை வசதியாக மறந்துவிடுகிறோம்.

உட்லண்ட்ஸ் தம்பி:
நான் ரயில் துறையில் வேலை செய்கிறேன், எனக்கு ஆச்சரியம் தருவது பாதையின் அகலம். 13 கிலோமீட்டர் ஈயப் பாதைக்குச் செலவு குறையட்டும் என்று 1,000 மில்லிமீட்டர் எடுத்தார்கள். வளைவைச் சிறிதாக வைக்கலாம், பாலம் சின்னதாகக் கட்டலாம், மண்வேலையும் குறையும். பயனீர்கள் வந்த இலங்கையிலேயே அப்போது ஐந்தரை அடி அகலப் பாதை! இங்கே அடுத்தடுத்த பாதைகளும் மீட்டர் அளவிலேயே வந்தன, பிறகு மாற்ற வழியில்லை. இன்றைக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போகிற மலேசியாவின் ஈடிஎஸ் மின்ரயிலும் அதே அகலத்தில்தான் ஓடுகிறது. நம் சிங்கப்பூர் எம்ஆர்டி 1,435 மில்லிமீட்டர், ஜோகூருக்குப் போகப்போகிற ஆர்டிஎஸ்ஸும் அப்படியே. ஒரு சுரங்கக் கணக்கு ஒரு நாட்டின் ரயிலை 140 வருடம் கட்டிப்போட்டுவிட்டது.

தேக்காவாசி:
கட்டிப்போட்டது என்பது மிகை தம்பி. தாய்லாந்திலும் மீட்டர் பாதைதான், அதனால்தான் பாடாங் பெசாரில் எல்லை தாண்டி ரயில் போகிறது.

உட்லண்ட்ஸ் தம்பி:
அது சரி. ஆனால் இதெல்லாம் பேராக் கதை, சிங்கப்பூரில் உட்கார்ந்து நாம் ஏன் அடித்துக்கொள்கிறோம்?

பழைய தண்டவாளம்:
நல்ல கேள்வி தம்பி, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. வெல்ட் ஆட்சி செய்த இடம் சிங்கப்பூர். ஈயம் வந்து சேர்ந்த இடமும் சிங்கப்பூர். 1887இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி தொடங்கி, 1890இல் பிரானித் தீவில் உருக்காலை வைத்தார்கள். இப்போது கண்டெய்னர் அடுக்கியிருக்கிறதே, அதே பிரானி. மலாயாவின் ஈய மண்ணை (உருக்காத தாதுவை) ரயில் கரைக்கு இழுத்து வந்தது, கப்பல் இங்கே கொண்டுவந்தது, இங்கே உருக்கிக் கட்டியாக்கி உலகத்துக்கு விற்றார்கள். அப்போது உலக ஈயத்தில் பாதிக்குப் பக்கம் மலாயா ஈயம்.

1903இல் நடந்ததையும் கேளுங்கள். அமெரிக்காவில் நியூஜெர்சியில் உருக்காலை வைத்து மலாயா மண்ணை நேரடியாக வாங்க ஒரு கூட்டம் கிளம்பியது. உடனே பேராக், சிலாங்கூர் போன்றவை சேர்ந்த கூட்டு மலாய் மாநில அரசு, ஏற்றுமதியாகும் ஈய மண்ணுக்குத் தாங்கமுடியாத வரி போட்டது. நீரிணைக் குடியேற்றங்களில் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) உருக்கினால் அந்த வரி கிடையாது. அமெரிக்கத் திட்டம் படுத்துவிட்டது. வாங்க வந்த ஒருவனை வாசலிலேயே விரட்டியாகிவிட்டது. தேக்காவாசி அண்ணன் சொல்கிற தொழில் தர்மம் இதில் எங்கே?

தேக்காவாசி:
அந்த வரியால் காப்பாற்றப்பட்டது எந்த ஊர்த் தொழில்? சிங்கப்பூர் உருக்காலை, சிங்கப்பூர்த் துறைமுகம், சிங்கப்பூர்க் கூலி. பிரானியில் வேலை செய்தவர்களில் நம் ஆட்களும் இருந்திருப்பார்கள். மண்ணை அப்படியே நியூஜெர்சிக்கு அனுப்பியிருந்தால் ‘மூலப்பொருளைக் கொள்ளையடித்தார்கள்’ என்று எழுதுவீர்கள். இங்கேயே உருக்கினால் ‘போட்டியை ஒழித்தார்கள்’. எதைச் செய்தாலும் திட்டுவது என்று முடிவு செய்துவிட்டு வாதாடுகிறீர்கள்.

ஈசூன் அக்கா:
அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் லாபம் நம் ஊருக்கு வந்தது என்பதால் பேராக்காரனுக்கு அது நல்லதாகிவிடுமா?

பழைய தண்டவாளம்:
அதையேதான் அக்கா நானும் சொல்கிறேன். அண்ணே, எங்கே உருக்கினார்கள் என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. வாங்க இரண்டு பேர் போட்டி போட்டால் சுரங்கக்காரனுக்கு விலை பேச இடம் இருக்கும். அந்த இடத்தைச் சட்டம் போட்டு அடைத்தார்கள். பாதை போட்டது அவன் வரிப்பணம், அந்தப் பாதையில் போகிற சரக்கை யாருக்கு விற்பது என்று தீர்மானிக்க அவனுக்கு உரிமை இல்லை. நீங்கள் ‘கொடை’ என்று சொன்னால் நான் ஒவ்வொரு தடவையும் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

தேக்காவாசி:
காட்டுங்கள். நானும் ஒவ்வொரு தடவையும் 1861இலிருந்தே ஆரம்பிப்பேன்.