பொருள்: மடல்களை நம் கணினியிலேயே வைத்துக்கொள்ள

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

போன வாரம் மூத்த அண்ணன் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "பிரவுசரைத் திறந்தாலே மடல் வருதே தம்பி, அதுக்குன்னு தனியா ஒரு மென்பொருள் எதுக்கு?" பாதிதான் அப்போது சொல்ல முடிந்தது. இன்னும் நாலைந்து பேர் இதையே கேட்டிருப்பதால் மீதியை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் அப்பா கடைசிக் காலத்தில் எனக்கு மின்னஞ்சலில்தான் எழுதினார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒரு மடலுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். அத்தனையும் ஓர் இலவசக் கணக்கில் கிடந்தன. அவர் போன பிறகு அதைத் திறக்க மனம் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத் திறந்தேன். பெட்டி காலி. நெடுநாள் பயன்படுத்தாததால் அழித்துவிட்டோம் என்று ஒரு வரி இருந்தது. எப்போதோ அச்செடுத்த மூன்று மடல்கள்தான் இன்று என்னிடம் இருக்கின்றன. இலவசக் கணக்குகளுக்கு இப்படி ஒரு விதி பொதுவாகவே உண்டு. கூகுளிலும் இரண்டு வருடம் தொடாத கணக்குகளை அழிக்கும் வேலை 2023 டிசம்பரில் தொடங்கியது. வேகம், வசதி எல்லாம் எனக்கு அப்புறம்தான். மடல் என் வீட்டில், என் கணினியின் வன்வட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

நான் வைத்திருப்பது மொசில்லாவின் தண்டர்பேர்டு. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலி 2024 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய அவுட்லுக்கில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் மடல்களின் பிரதி மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும், அதாவது அந்த நிறுவனத்தின் கணினிக்கும், போகிறது. நம் நோக்கத்துக்கு அது ஒத்துவராது.

நிறுவியதும் பெயர், முகவரி, கடவுச்சொல் கேட்கும். ஜிமெயில், யாகூ, அவுட்லுக் போன்றவற்றுக்கு மற்ற விவரங்களை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் மடலை வாங்க ஐமேப் (IMAP), பாப் (POP) என்ற இரண்டு முறைகளில் எது வேண்டும் என்று அது கேட்கும் இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

பாப் என்பது தபால்பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது போல. கொண்டுவந்த பிறகு பெட்டியில் எவ்வளவு நாள் விட்டுவைப்பது என்பதற்கு ஒரு செட்டிங் உண்டு. அதை நான் கவனிக்கவில்லை; 14 நாள் என்று இருந்தது. மூன்றாவது வாரம் கைபேசியில் பார்த்தால் பழைய மடல் ஒன்றையும் காணோம். எல்லாம் வீட்டுக் கணினியில் பத்திரமாக இருந்தன என்றாலும் ஒரு நாள் முழுக்கப் பதறிப்போனேன். ஐமேப்பில் மடல் சர்வரிலேயே இருக்கும். கணினியிலும் கைபேசியிலும் தெரிவது அதன் பிரதி. நம்மில் எல்லோரும் இரண்டு மூன்று சாதனங்களில் மடல் பார்க்கிறவர்கள். ஐமேப் போதும்.

ஆனால் ஐமேப்பில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். சர்வரில் பெட்டி காலியானால் அடுத்த முறை இணையத்தில் சேர்ந்ததும் உங்கள் கணினியும் அதையே பின்பற்றும். ஐமேப் வைத்திருக்கிறேன், எனவே என் மடல்கள் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

"கடவுச்சொல் சரியாகத்தான் போட்டேன், ஏற்க மாட்டேன் என்கிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. வெளி மென்பொருளில் வெறும் கடவுச்சொல்லை ஏற்பதை ஜிமெயில் 2022 மே மாதக் கடைசியிலும், அவுட்லுக் தனிக் கணக்குகள் 2024 செப்டம்பரிலும் நிறுத்திவிட்டன. கணக்கின் செட்டிங்கில் அங்கீகார முறை என்ற இடத்தில் ஓஆத்2 (OAuth2) என்று மாற்றுங்கள். கடவுச்சொல்லை மென்பொருளிடம் கொடுக்காமல் அனுமதி மட்டும் கொடுக்கும் முறை அது. கூகுளின் அல்லது மைக்ரோசாஃப்டின் சொந்த ஜன்னல் திறக்கும். அங்கே நுழைந்து அனுமதி கொடுத்தால் முடிந்தது. ஜன்னல் வெறுமையாக நின்றால் தண்டர்பேர்டில் குக்கீகள் (வலைத்தளங்கள் நம் கணினியில் வைக்கும் சிறு குறிப்புகள்) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வழி இல்லாத சில சேவைகளில், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்ட பிறகு செயலிக்கென்றே தனிக் கடவுச்சொல் ஒன்றைத் தருவார்கள். அதை இங்கே ஒட்ட வேண்டும்.

மடல் வருகிறது, போக மாட்டேன் என்கிறது என்றால் கோளாறு அனுப்பும் சர்வரில். வாங்குவதற்கு ஐமேப், போர்ட் (மடல் போய்வரும் வாசலின் எண்) 993. அனுப்புவதற்கான முறையின் பெயர் எஸ்எம்டிபி (SMTP), போர்ட் 465 அல்லது 587. பழைய குறிப்பைப் பார்த்து 25 என்று போட்டிருந்தால் மாற்றுங்கள். வீட்டு இணைப்புகளில் அந்த வாசலைப் பல இணைய நிறுவனங்கள் மூடியே வைத்திருக்கின்றன.

படங்கள் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. மின்னஞ்சலில் ஏறும்போது இணைப்புக் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும். 25 எம்பி அனுமதி என்றால் 18 எம்பியைத் தாண்டினாலே திரும்பி வர வாய்ப்பு உண்டு.

இனி தமிழ். இப்போது எழுதும் மடல்கள் எல்லாம் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் இருப்பதால் சிக்கல் இல்லை. எழுத்து சிறிதாகத் தெரிந்தால் எழுத்துரு செட்டிங்கில் தமிழ் என்பதைத் தேர்ந்து நிர்மலா அல்லது லதாவை வைத்து அளவைக் கூட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டும் சிரமப்படும் பெரியவர்களுக்கு இதை முதல் வேலையாகச் செய்து கொடுங்கள். பழைய மடல்களின் கதை வேறு. தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் எழுதியவை, தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். கெட்டுப்போயிற்று என்று அழித்துவிடாதீர்கள்! உள்ளே தமிழ் அப்படியே இருக்கிறது. அந்த வரிகளை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டரிலோ பொங்குதமிழ் எழுத்துமாற்றியிலோ போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு சித்தப்பாவின் இருபது வருடத்துப் பழைய மடலை இப்படி மாற்றி அவருக்கே அனுப்பினேன். தான் எழுதியதைத் தானே திரும்பப் படித்துவிட்டு அழைத்தார். இருவரும் வெகுநேரம் பேசினோம்.

நம் குழு மடல்கள் வேலை மடல்களோடு கலந்துவிடாமல் இருக்க ஒரு வடிகட்டி போடுங்கள். பெறுநர் இடத்தில் குழு முகவரி இருந்தால் இந்தக் கோப்புறைக்கு நகர்த்து என்று ஒரே விதி போதும். பதில் எழுதும்போது பட்டனைப் பார்த்து அழுத்துங்கள். ஒருவருக்கு மட்டும், எல்லோருக்கும், குழுவுக்கு என்று தனித்தனியாக உண்டு. வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் போய்விட்டதே என்று வருந்த வேண்டி வராது.

இனி, ஐமேப்பில் மடல்களை இழக்காமல் இருக்க, நான் மேலே சொல்லாமல் விட்ட வழி. தண்டர்பேர்டின் இடப்பக்கம் கடைசியில் உள்ளகக் கோப்புறைகள் என்று ஒன்று இருக்கும். அது எந்தச் சர்வரோடும் சேர்ந்ததல்ல; முழுக்க உங்கள் வட்டில் இருப்பது. அதில் அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று கோப்புறைகள் போட்டு, இழக்கக் கூடாத மடல்களை அங்கே நகலெடுத்து வையுங்கள். நகர்த்த வேண்டாம், நகல் போதும். பிறகு உதவிப் பட்டியலில் பழுதுபார்ப்புத் தகவல் பக்கத்தைத் திறந்தால், உங்கள் மடல்களையும் செட்டிங்குகளையும் தண்டர்பேர்டு வைத்திருக்கும் சுயவிவரக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று காட்டும். இடத்தைக் குறித்துக்கொண்டு தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை அப்படியே ஒரு வெளி வட்டில் பிரதி எடுங்கள். மாதம் ஒரு முறை போதும். கணினி போனாலும், கணக்கு போனாலும், புதிய கணினியில் அதை வைத்து, உள்ளகக் கோப்புறைகளில் நகலெடுத்த எல்லாவற்றையும் மீட்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் எதையாவது தனிமைப்படுத்தட்டுமா என்று கேட்டால் மட்டும் நின்று படியுங்கள். ஒரு கோப்புறையின் மடல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பாக இருப்பதால், ஒரு கெட்ட மடலுக்காகப் பெட்டி முழுவதையும் தூக்கிவிடக்கூடும்.

இரவு எட்டு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். எங்காவது நின்றுவிட்டால் திரையைப் படமெடுத்து எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். படத்தில் கடவுச்சொல் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எனக்கும் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி