மறு: ‘ஃப்ரோசன் செக்‌ஷன்’: உறைவெட்டா, உறைசீவலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்து மெல்லிய ஏடாக எடுத்துப் பார்க்கும் ‘ஃப்ரோசன் செக்‌ஷன்’ (frozen section) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியைக் கேட்டவளே நான். கேட்டுவிட்டு மூன்று நாளாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். மலேசியாவின் ஈப்போவில் வேலை முடிந்து சுங்கை சிப்புட்டில் வீடு வந்து சேரும்போது இருட்டிவிடுகிறது. இன்று விடுமுறை என்பதால் எல்லா மடலையும் ஒருசேரப் படித்தேன்.

இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. கோவை நண்பர் ‘உறைவெட்டு’ என்றார். யாழ்ப்பாணத்து ஐயா ‘குளிர்வெட்டு’ என்றார். சிங்கப்பூரில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் தோழி ‘உடனடித் திசு ஆய்வு’ போதும் என்றார். என் மனம் ‘உறைசீவல்’ என்ற சொல்லில் நிற்கிறது. ஏன் என்று சொல்ல, முதலில் அந்த வேலையைக் கொஞ்சம் காட்ட வேண்டும்.

வயிற்றைத் திறந்து அறுவை மருத்துவர் கருவகக் கட்டி (சினைப்பைக் கட்டி) ஒன்றை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது புற்றா, சாதாரணக் கட்டியா என்று தெரிந்தால்தான் கருப்பையையும் எடுப்பதா, தையல் போட்டு முடிப்பதா என்று அவர் முடிவு செய்ய முடியும். வழக்கமான வழியில் எங்களுக்கு ஒரு நாளாவது வேண்டும். திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் அதன் நீரை இழுத்து, உருகிய மெழுகில் தோய்த்து, மெழுகு இறுகிய பிறகு சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். நோயாளி மயக்கத்தில் படுத்திருக்கும்போது அதற்கு நேரமில்லை. அதனால் திசுவை ஃபார்மலினில் போடாமல் பச்சையாகவே ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். நோயியலர் (திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் மருத்துவர், என் வேலையும் அதுதான்) அதைப் பார்த்து, தடவி, சந்தேகமான இடத்தில் ஒரு சிறு துண்டு எடுப்பார். அதைப் பசை மாதிரி ஒரு திரவத்தில் அமிழ்த்தி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போல இருக்கும் கிரையோஸ்டாட் பெட்டிக்குள் வைப்போம். ஓரிரு நிமிடத்தில் அது வெள்ளையாக இறுகிவிடும்.

இனிதான் கைவேலை. பெட்டிக்குள் கத்தி அசையாமல் நிற்கும். வெளியே உள்ள சக்கரத்தைச் சுற்றினால் துண்டு மேலும் கீழும் போய்வந்து கத்தியில் உரசும். ஒவ்வொரு சுற்றுக்கும் 5 மைக்ரான் அளவு மெல்லிய ஏடு ஒன்று வரும். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் கனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த ஏடு சும்மா இருக்காது, சுருளும். சுருளாமல் தடுக்க மேலே ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். அதையும் மீறிச் சுருண்டால், படம் வரையும் சிறு தூரிகையால் ஓரத்தைப் பிடித்து விரிப்போம். பிறகு அறைச் சூட்டில் இருக்கும் கண்ணாடிச் சில்லை (ஸ்லைடு) மெதுவாக அதன் மேல் கொண்டுபோனால், ஏடு தானே தாவிச் சில்லில் ஒட்டி உருகிப் படியும். எத்தனையோ வருடம் பார்த்துவிட்டேன், அந்தத் தாவல் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, அறுவைக் கூடத்துக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல எல்லாம் சேர்த்து 20 நிமிடம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> ‘வெட்டு’ ஏற்கெனவே குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு என்று நிலைத்துவிட்ட சொல். அதை விடுவானேன்?

கோவை நண்பரின் இந்தக் கேள்வி நியாயமானது. பாடப்புத்தகத்தில் வேர், தண்டு எல்லாம் குறுக்குவெட்டுத் தோற்றத்தில்தான் நாமும் வரைந்தோம். அங்கே ‘வெட்டு’ என்பது வெட்டிய முகத்தைக் குறிக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ‘செக்‌ஷன்’ என்பதோ கையில் எடுத்துச் சில்லில் ஒட்டும் ஏடு, ஒரு பொருள். இந்த வேறுபாடு சின்னதில்லை. அதோடு, இந்தச் சொல் உயிரோடு இருக்கும் இடம் அறுவைக் கூடம். அங்கே வெட்டு என்றாலே அறுவை மருத்துவரின் வெட்டுதான். நோயாளி காதில் அது எப்படி விழும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். கருவகக் கட்டிக்கு அறுவை சிகிச்சை என்று ஓர் அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பாலுக்காக மரம் சீவினவர். ஒப்புதல் தாளை விளக்கியவர் மலாயில் ‘கெராத்தான் பெக்கு’ (உறைந்த வெட்டு) என்று சொல்ல, இன்னொருவர் அதை “கட்டியை உறைய வச்சு வெட்டிப் பார்ப்பாங்க” என்று தமிழில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நோயியலர்கள் வார்டுக்குப் போவது அபூர்வம். தமிழ் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

“வயித்தத் தொறந்து வச்சு ஐஸ்ல போட்டு வெட்டுவாங்களாமே டாக்டரம்மா. அப்புறம் எனக்கு உசுரு எப்படித் திரும்பும்?” என்று கேட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: “உங்கள ஐஸ்ல போட மாட்டாங்கம்மா. கட்டிய எடுத்து எங்கிட்ட அனுப்புவாங்க. அதுலேருந்து ஒரு சின்னத் துண்ட இறுக வச்சு, நீங்க பட்டை சீவுற மாதிரி மெல்லிசா சீவி, கண்ணாடியில வச்சுப் பார்ப்பேன்.”

அவர் முகம் மாறியது. “காயம் படாம சீவுவீங்களா?” என்றார்.

மரம் சீவினவர் மட்டுமே கேட்கும் கேள்வி அது. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் போலச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் பால் வரும் பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். “சீவுறது உங்க உடம்புல இல்லம்மா, வெளிய எடுத்ததுல” என்றேன். “அப்ப சீவிப் பார்ப்போம்னு சொல்லியிருக்கலாம்ல” என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இது சீவல்தான். என் அம்மாவும் மரம் சீவினவர். பள்ளி விடுமுறையில் அவர் பின்னால் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைத்துக்கொண்டும் ஒட்டுப்பால் (சீவிய இடத்தில் காய்ந்து ஒட்டிய பால்) உருவிக்கொண்டும் நடந்திருக்கிறேன். கத்தி இழுத்த இழுப்பில் பட்டைச் சீவல் சுருண்டு சுருண்டு மரத்தடியில் விழும். கிரையோஸ்டாட்டில் ஏடு சுருளும்போதெல்லாம் அந்த மரத்தடி நினைவுக்கு வரும். கத்தியை ஒரே கோணத்தில் ஓட்டி, ஒரே கனத்தில், மெல்லிதாக, அடுத்தடுத்து எடுப்பதற்குத் தமிழில் சீவுதல் என்று பெயர். தச்சர் சீவுளியால் செய்வதும் அதுதான், பாக்குச் சீவலும் அதுதான். வெட்டு துண்டாக்கும், சீவு ஏடாக்கும்.

அடுத்தது முன்பாதி. யாழ்ப்பாணத்து ஐயா ‘உறை’ வேண்டாம் என்பதற்கு நல்ல காரணம் சொன்னார்: உறை என்றால் மூடி, தலையணை உறை, பாலுக்கு ஊற்றும் உறைமோர் என்றெல்லாம் பொருள் இருக்கிறது, ‘குளிர்’ குழப்பமில்லாதது. இதைப் பற்றி நிறைய நேரம் யோசித்தேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. தோட்டத்துக்காரர்களுக்கு உறைவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது பால்மரத்துப் பால். தோட்டத்து ஸ்டோரில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் பால் உறையும். மங்கிலேயே விட்டுவைத்தால் தானே உறைந்து கட்டிப்பால் ஆகும். அங்கே குளிருக்கு வேலையே இல்லை.

யோசிக்க யோசிக்க, அந்தக் குழப்பமே எனக்கு வழியைக் காட்டியது. நாங்கள் திசுவைக் குளிரவைப்பது குளிருக்காக இல்லை. மெத்தென்று இருக்கும் சதையைக் கத்தியால் 5 மைக்ரானுக்குச் சீவ முடியாது, வழுக்கும், மசியும். அது இறுக வேண்டும். வழக்கமான முறையில் மெழுகு அதை இறுக்குகிறது, அவசரத்தில் குளிர் இறுக்குகிறது. 1905இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூயிஸ் வில்சன் இந்த முறையைச் செம்மைப்படுத்தியபோது, மினசோட்டாவின் குளிர்காலத்தில் திசுவை வெளியே வைத்தே இறுக வைத்தார் என்று சொல்வார்கள். குளிர் அவருக்குக் கருவி, இறுக்கம்தான் தேவை. கொழுப்பு நிறைந்த மார்பகத் திசு பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரிலும் சரியாக இறுகாது. எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாவிட்டால் சீவல் கிழியும். ‘குளிர்சீவல்’ என்றால் இந்தச் சங்கதி விட்டுப்போகிறது. நீர்மமாகவோ மெத்தென்றோ இருப்பது இறுகுவதை ‘உறை’ சொல்லிவிடுகிறது. இங்கே தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்திலும் நீர் பனிக்கட்டியாவதற்கு உறைதல் என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆகவே பிள்ளைகளுக்கும் புதிதில்லை.

மூடி என்ற பொருள் வராமல் இருக்க இலக்கணமே காவல். உறைந்த, உறைகிற, உறையும் சீவல் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது, ஊறுகாய் மாதிரி. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஆகவே ‘உறைசீவல்’ என்றே எழுத வேண்டும். ‘உறைச்சீவல்’ என்று ச் போட்டால் மூடியைச் சீவினது என்றாகிவிடும். தட்டச்சு செய்யும் நண்பர்கள் தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள்.

‘உடனடித் திசு ஆய்வு’ பற்றி ஒன்றே ஒன்று. நோயாளிக்கு விளக்கும்போது அதைத் தாராளமாகச் சொல்லலாம், நானே சொல்கிறேன். ஆனால் வெட்டிய முகத்தைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றியெடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையும் அறுவை நடக்கும்போதே செய்வதுதான். அதுவும் உடனடி, அதுவும் திசு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் அறிக்கை எழுதும்போது கஷ்டம்.

‘சீவிடுவேன்’ என்று சினிமாவில் மிரட்டுகிறார்களே என்று ஒரு தம்பி தனிமடலில் கேட்டிருந்தார். வினையில் அந்த வாடை இருக்கிறது, மறுக்கவில்லை. ‘சீவல்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு அது வரவில்லை. கும்பகோணத்துக்காரரிடம் சீவல் என்று சொல்லிப் பாருங்கள், வெற்றிலைத் தட்டைத்தான் எடுப்பார்.

இன்னொரு வசதி, இதிலிருந்து ஒரு குடும்பமே கிளைக்கிறது. மெழுகில் செய்தால் மெழுகுச்சீவல். அடுத்தடுத்து வரிசையாக எடுத்தால் தொடர்சீவல். சந்தேகம் தீராமல் இன்னும் உள்ளே போய் எடுத்தால் ஆழ்சீவல். மெழுகுச்சீவல் எடுக்கும் மைக்ரோட்டோம் கருவி சீவுபொறி, கிரையோஸ்டாட் உறைசீவுபொறி. ‘வெட்டு’ வைத்தும் இவற்றைக் கட்டலாம்தான், ஆனால் ‘வெட்டுபொறி’ என்றால் அறுவைக் கருவியா, ஆய்வகக் கருவியா, புல் வெட்டுகிற இயந்திரமா என்று கேட்க வேண்டிவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு முடியாத ஒன்றை உங்களிடம் தருகிறேன். மெழுகில் புதைத்து இறுகவைத்த அந்தச் சிறு சதுரத்தை ‘பிளாக்’ என்கிறோம். சோப்புக் கட்டி, பனிக்கட்டி என்கிற மாதிரி ‘மெழுகுக்கட்டி’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் நோயாளியின் கட்டியும் கட்டிதான். “கட்டியிலிருந்து எடுத்த கட்டி 3இல் கட்டி இல்லை” என்று ஓர் அறிக்கை போனால் என்ன ஆகும்! ‘அச்சு’ என்று யோசித்தேன், அது அச்செடுக்கும் வார்ப்புக்கே வேண்டும். ‘பாளம்’ கொஞ்சம் பெரிதாக ஒலிக்கிறது, பிளாக்கோ விரல் நுனியில் அடங்குவது. இதற்கு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?