புதிய பில் திரையைப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும்

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். சிறு கடைகளுக்கான பில் போடும் செயலி ஒன்றை நானும் தம்பியும் எழுதிவருகிறோம். அடுத்த மாதம் வரவிருக்கும் பதிப்பில் திரைகளை முழுவதும் மாற்றியிருக்கிறோம். அதற்குள் பத்துப் பேராவது பயன்படுத்திப் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரிய தலைவலி தமிழ்ப் பெயர்கள்தான். காய்கறிப் பட்டியலில் 'இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்' பாதியில் வெட்டுப்பட்டு 'இலவம்பாடி முள்' என்று நிற்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய்க்கு இந்தக் கதி! எழுத்தைச் சிறிதாக்கினால் 'கி'க்கும் 'கீ'க்கும் வேறுபாடு தெரிவதில்லை. வரி இடைவெளியைக் கூட்டினால் ஒரு திரையில் ஆறு பொருள்தான் அடங்குகிறது.

பொத்தான்கள் ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல்படி 48 டிபி (திரையில் பொத்தானின் அளவைக் குறிக்கும் அலகு) அளவில் இருக்கின்றன. வெளிர் சாம்பல் எழுத்து மட்டும் என் ஆசை. நம் ஊர் வெயிலில் கடை வாசலில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு (காண்ட்ராஸ்ட்) வேண்டும் என்று தம்பி சொன்னபோதே கேட்டிருக்கலாம்.

லாங்கு பஜார், காட்பாடி, குடியாத்தம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். நாற்பதைத் தாண்டிய கண்களும் பழைய போனும் இருந்தால் இன்னும் நல்லது. சோதனைப் பதிப்பை அனுப்புகிறேன். உண்மையான கணக்கை அதில் ஏற்றிவிடாதீர்கள். எந்த இடத்தில் விரல் தயங்கியது என்று சொன்னால் போதும். 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுத வேண்டாம். அதை அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.